சில்டர்ன் குன்றுகளில் மூடுபனி நடை: வாக் லீடர் செய்தது சரியா, மிகையா?

நடைப்பித்தன் | ஞாயிறு இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். இன்று எங்கள் வட்டார நடைக்குழுவோடு, லண்டனுக்கு வடமேற்கே இருக்கும் சில்டர்ன் குன்றுகளில், வெண்டோவரிலிருந்து பிரின்செஸ் ரிஸ்பரோ வரை ரிட்ஜ்வே என்ற நெடுந்தூர நடைத்தடத்தில் நடந்துவிட்டு வந்தேன். 10–11 கி.மீ. இருக்கும். நல்ல நாளில் மதியச் சாப்பாட்டையும் சேர்த்து மூன்றரை, நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும். இன்று ஐந்து மணி நேரத்தைத் தொட்டது. பாதிக் காரணம் மூடுபனி, மீதிப் பாதி எங்கள் வாக் லீடர் அம்மா. திரும்பி வரும்போது ரயில் பெட்டியிலேயே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை. அதைத்தான் இங்கே கொண்டுவருகிறேன்.

வெண்டோவர் ஸ்டேஷனில் இறங்கியபோது பனி பெரிதாக இல்லை. தெருவின் கடைசி வீடு வரை தெரிந்தது. பேக்கம் குன்றில் ஏறத் தொடங்கியதும் எல்லாம் மறைந்துவிட்டது. முன்னால் போகிறவரின் முதுகுப்பை தெரிந்தால் அதிர்ஷ்டம். கூம்ப் குன்றின் உச்சியில், 260 மீட்டரில், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் இறந்த பக்கிங்ஹாம்ஷயர்க்காரர்கள் 148 பேருக்கு 1904-இல் எழுப்பிய நினைவுத்தூண் இருக்கிறது. தெளிந்த நாளில் எய்ல்ஸ்பரி சமவெளி முழுக்க அங்கிருந்து விரியும். இன்று தூணின் அடிக்கல்லைத் தொடும் தூரத்துக்கு வந்த பிறகுதான் தூண் இருப்பதே தெரிந்தது.

லீடர் அம்மா அடிவாரத்திலேயே கறாராகப் பேசிவிட்டார். எல்லாருக்கும் கடைசியில் ஒருவர் ஆரஞ்சு மேலங்கியோடு, விசிலோடு வருவார், அவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. ஒவ்வொரு கேட்டிலும் தலை எண்ணுவோம். காதில் எதையும் மாட்டக் கூடாது. புதர்ப் பக்கம் ஒதுங்க வேண்டியிருந்தால் முதுகுப்பையைப் பாதையோரம் வைத்துவிட்டுப் போக வேண்டும். பிரிவு வரும் இடமெல்லாம் எல்லாரும் சேர்ந்த பிறகுதான் நகர்வோம்.

வேகமாக நடக்கிற இரண்டு பேருக்கு இது ஆகவே இல்லை. "இது என்ன ஸ்கூல் எக்ஸ்கர்ஷனா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். இன்னொருவர், பார்க்க ஒன்றுமில்லாத நாளில் காலையிலேயே ரத்து செய்திருக்கலாமே என்றார். உங்கள் கருத்து என்ன?

---

பைட்_பாண்டி | ஞாயிறு இரவு 9:31

ரத்தும் வேண்டாம், இந்தக் கெடுபிடியும் வேண்டாம். ஆளுக்கொரு போன் இருக்கிறது. ஓஎஸ் மேப்ஸ் ஆப்பில் இந்தப் பகுதிக்கான எக்ஸ்புளோரர் 181 வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாவிட்டாலும் நீலப்புள்ளி நாம் நிற்கும் இடத்தைக் காட்டிவிடும். ஜிபிஎஸ்ஸுக்குப் பனி தெரியாது. அதுவும் ரிட்ஜ்வே ஒரு நேஷனல் டிரெயில், கம்பத்துக்குக் கம்பம் ஏகோர்ன் (ஓக் மரக் கொட்டை) சின்னம். இதில் ஒருவர் தொலைந்து போவது என்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும்.

---

கொடைக்குளிர் | ஞாயிறு இரவு 9:50

இங்கே கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு படிக்கச் சிரிப்பாக இருக்கிறது அண்ணே. தூண் பாறைக்கு வண்டி பிடித்து வந்து, பாறையே தெரியாமல் வெள்ளைத் திரையைப் போட்டோ எடுத்துவிட்டுப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். ஒரு சந்தேகம்: தெரியாதென்று தெரிந்தும் எதற்கய்யா ஐந்து மணி நேரம் நடந்தீர்கள்?

---

வல்லிபுரத்தான் | ஞாயிறு இரவு 10:24

தம்பி நடைப்பித்தன், உங்கட லீடர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. நானும் வேற ஒரு குழுவுக்கு லீடரா நடக்கிறனான், கனகாலமா.

பைட் பாண்டித் தம்பி சொல்லுறதில ஒரு பாதி உண்மை. புகாருக்குள்ள, அதுதான் மூடுபனிக்குள்ள, வழியைத் தவறவிடுறது இப்ப அருமை. ஆனா, தம்பி, புகாருக்குள்ள முதல்ல தவறுறது வழி இல்லை, ஆக்கள். முன்னால போற பத்துப் பேரும் சரியான பாதையிலதான் நிப்பினம். பதினோராவது ஆள் சப்பாத்து நூலைக் கட்டக் குனிஞ்சு நிமிர்ந்தா ஒருத்தரும் இல்லை. அவ கூப்பிடுவா. புகாருக்குள்ள, அதுவும் மரங்களுக்கு நடுவில, சத்தம் எந்தப் பக்கத்தால வருது எண்டு மட்டுக்கட்ட ஏலாது. அவசரத்தில எட்டி நடப்பா, பிரிவில மற்றப் பாதையில இறங்கிடுவா. போன் அவவின்ர கையிலயும் இருக்கும். அது அவ நிக்கிற இடத்தைக் காட்டும். நீங்கள் நிக்கிற இடத்தைக் காட்டாது.

அதுக்குத்தான் பேக் மார்க்கர், கடைசியா வாற அந்த ஆரஞ்சு மேலங்கி ஆள். அந்த முதுகுப்பை விசயத்தை நக்கலா எழுதியிருக்கிறியள் போல கிடக்கு. அது பழைய நடைக்காரரின்ர வழக்கம். பை பாதையில கிடந்தா, ஆள் பக்கத்தில எங்கயோ நிக்குது எண்டு பேக் மார்க்கருக்கு விளங்கும். பையையும் கொண்டு புதருக்குள்ள போனா, அவர் உங்களைத் தாண்டிப் போயிடுவார். பிறகு உங்களுக்குப் பின்னால ஒருத்தருமே இல்லை.

---

நடைப்பித்தன் | ஞாயிறு இரவு 10:41

நக்கல் இல்லை ஐயா, காரணம் தெரியாமல்தான் எழுதினேன். அவர் விதியைச் சொன்னார், விளக்கம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பேர் முணுமுணுத்திருக்க மாட்டார்கள்.

---

பைட்_பாண்டி | ஞாயிறு இரவு 10:48

வல்லிபுரம் ஐயா, லொகேஷன் ஷேர் என்று ஒன்று இருக்கிறதே? வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் போட்டுக்கொண்டால் யார் எங்கே என்று தெரிந்துவிடும்.

---

வல்லிபுரத்தான் | ஞாயிறு இரவு 10:55

சிக்னல் இருந்தா. சில்டர்ன் பள்ளங்களில அது வரும், போகும்.

---

வானிலைவாசி | திங்கள் காலை 7:05

ஒரு கேள்வி, நடைப்பித்தன். மேலே காற்று இருந்ததா? ரிஸ்பரோவில் இறங்கியபோது தெளிந்திருந்ததா?

---

நடைப்பித்தன் | திங்கள் காலை 7:40

கூம்ப் குன்றின் மேல் லேசான காற்று, முகத்தில் ஈரமாக அடித்தது. ரிஸ்பரோவுக்கு இறங்கும் சரிவில் பாதி வந்ததும் யாரோ திரையை விலக்கியது மாதிரி ஊர் முழுக்கத் தெரிந்தது. ஏன்?

---

வானிலைவாசி | திங்கள் காலை 8:15

அப்படியானால் நீங்கள் நடந்தது மேகத்துக்குள். இலையுதிர் காலத்தில் "ஃபாக்" என்று எல்லாரும் சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. நடைக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று நேரெதிர்.

முதல் வகை, பள்ளத்தில் தேங்குவது. வானம் தெளிந்து, காற்று அடங்கிய நீண்ட இரவில் தரை தன் வெப்பத்தை மேலே விட்டுவிட்டுக் குளிரும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து அதன் ஈரம் பனியாகும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் சேரும். எய்ல்ஸ்பரி சமவெளி நிரம்பிக் கிடக்க, கூம்ப் குன்றின் தலை மட்டும் வெயிலில் நிற்கிற காலைகள் இப்படி வருபவை. அந்த நாளில் மேலே ஏறினால் தப்பித்தோம்.

இரண்டாம் வகை, உங்களுக்கு நேற்று வாய்த்தது. மேகத்தின் அடிமட்டம் இறங்கிக் குன்றின் மேல் உட்கார்ந்துவிடும். கீழே ஊரில் வெறும் மப்பு, மேலே கண் தெரியாது. காற்று இருந்தாலும் கலையாது. காலையில் ஊருக்கான முன்னறிவிப்பைப் பார்த்தவருக்கு "மேகமூட்டம்" என்று மட்டும்தான் வந்திருக்கும். அது பொய்யும் இல்லை. வெண்டோவருக்கு அது சரி, அதன் தலைக்கு மேல் இருக்கும் குன்றுக்குப் போதாது. மேகத்தின் அடிமட்ட உயரத்தையும் பார்க்க வேண்டும்.

பத்து மணிக்குக் கலைந்துவிடும் என்று காத்திருப்பதிலும் இந்த மாதத்தில் பயனில்லை. நவம்பர் நடுவில் லண்டன் பக்கம் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 20 பாகை உயரத்தில்தான் நிற்கும். பனியைச் சுட்டுக் கலைக்க அதற்குத் தெம்பு கிடையாது. பள்ளத்துப் பனிகூடச் சில நாள் சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும்.

கணக்குப் பிரியர்களுக்கு: 1000 மீட்டருக்குள் பார்வை சுருங்கினால் வானிலையாளர்கள் ஃபாக் என்று குறிப்பார்கள். நடைப்பித்தன் சொல்வதைப் பார்த்தால் நேற்று பத்திருபது மீட்டர்கூட இல்லை.

---

கொடைக்குளிர் | திங்கள் காலை 9:02

எங்கள் ஊரிலும் பெரும்பாலும் அந்த இரண்டாம் வகைதான் போலிருக்கிறது. சரிவில் ஏறி வரும் காற்றோடு மேகம் உள்ளே புகுந்துவிடும். ஆனால் என் கேள்விக்குப் பதில் வரவில்லை. எதற்கு நடந்தீர்கள்?

---

செல்லம்மா_ரீடிங் | திங்கள் காலை 10:30

கொடைக்குளிர் தம்பிக்கு நான் பதில் சொல்கிறேன். நான் அந்தக் குழு இல்லை, ஆனால் அந்தப் பாதை எனக்குப் பழக்கம். தூரத்துக் காட்சிக்காக மட்டும் நடப்பவர் வெயில் நாளில் போகட்டும். பனி நாளில் கண் பக்கத்துக்கு இறங்கிவிடும். கேட்டுக் கம்பிகளில், முட்செடிகளில் சிலந்தி வலையெல்லாம் நீர்மணி கோத்து நிற்கும். வெயிலில் அத்தனை வலை இருப்பதே தெரியாது. பட்டுப்போன பீச் கிளைகளில் வெள்ளைவெளேரென்று, மேலே கோந்து பூசியது போல வழுவழுப்பாக ஒரு காளான் முளைத்திருக்கும். பீங்கான் காளான் என்றே அதற்குப் பெயர்.

அப்புறம் மேலே சிவப்புப் பருந்தின் சீழ்க்கை. அவை இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அற்றுப்போனவை. 1989 முதல் 1994 வரை ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்தச் சில்டர்ன் மலையில்தான் விட்டார்கள். இப்போது தலைநிமிர்த்தினால் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். பனியில் ஆளைக் காட்டாமல் விசில் மட்டும் அடிக்கும். அதைப் பேக் மார்க்கர் விசில் என்று நினைத்து நின்றுவிடாதீர்கள்!

பீச் காட்டுக்குள் மழை இல்லாமலே நனைவீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். இலையும் கிளையும் பனியைப் பிடித்துச் சொட்டிக்கொண்டே இருக்கும். "மழை இல்லை" என்று ஆப் சொன்னதை நம்பி மேல்கோட்டை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஜீன்ஸ் போட்டு வருகிறவர்களைப் பார்த்தால் அதைவிடப் பாவம்.

---

நடைப்பித்தன் | திங்கள் மதியம் 12:50

அக்கா, அந்தச் சொட்டல் சரியாகச் சொன்னீர்கள். என் ஜீன்ஸ் இன்னும் காய்கிறது.

பைட் பாண்டிக்கு ஒன்று. கம்பத்துக்குக் கம்பம் ஏகோர்ன் என்றீர்களே, இலை உதிர்ந்த பீச் காட்டுக்குள் அது போதவில்லை. தரை முழுக்க ஒரே செம்பழுப்பு, கணுக்கால் வரை இலை. பாதை எது, காட்டுத்தரை எது என்று பிரித்தே பார்க்க முடியாது. ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவில் பக்கவாட்டில் இரண்டு மூன்று தடம் ஓடுகிறது. மரத்தடியில் நீலப்புள்ளியும் கொஞ்சம் இப்படி அப்படி ஆடியது. மேப்பைக் கழுத்தில் தொங்கவிட்டு, காம்பஸை அவ்வப்போது பார்த்துக்கொண்டு லீடர் நடந்தபோதுதான் அந்த அம்மாவின் அருமை தெரிந்தது. எல்லாரும் போனை நோண்டாதீர்கள், குளிரில் பேட்டரி இறங்கும், ஆபத்துக்கு இருக்கட்டும் என்றார்.

---

பைட்_பாண்டி | திங்கள் மதியம் 1:15

மரத்தடியில் ஜிபிஎஸ் தடுமாறும், ஒப்புக்கொள்கிறேன். சில மீட்டர்தான். அந்தச் சில மீட்டர் தப்பினால் என்ன ஆகிவிடப் போகிறது? சில்டர்ன் என்ன இமயமா? எந்தப் பக்கம் இறங்கினாலும் அரை மணியில் ஒரு ரோடு, ஒரு பப்.

---

வல்லிபுரத்தான் | திங்கள் மாலை 6:20

தம்பி, அந்தப் பாதையில ஒரு இடத்தில சில மீட்டர் தப்பினாலும் கதை வேற. கூம்ப் குன்றுக்கு அங்கால பாதை செக்கர்ஸ் காணிக்குள்ளால போகுது. பிரதமரின்ர நாட்டுப்புற மாளிகை. 1917 சட்டத்தால நாட்டுக்குக் குடுத்தது, 1921 தொடக்கம் பிரதமர்மார் பாவிக்கினம். மாளிகைக்குப் போற தனி றோட்டையே ரிட்ஜ்வே குறுக்கால வெட்டிப் போகும். இங்கிலாந்தில சாதாரணமா அடுத்தவன்ர காணிக்குள்ள கால் வைச்சா அது சிவில் விசயம், காணிக்காரன் வெளியால போகச் சொல்லுவான், அவ்வளவுதான். செக்கர்ஸ் அப்பிடி இல்லை. 2005 சட்டத்தின்ர கீழ பாதுகாக்கப்பட்ட இடங்களில அதுவும் ஒண்டு, அத்துமீறினாலே கிரிமினல் குற்றம். அறிவித்தல் பலகை போட்டிருக்கினம், கமரா இருக்கு. புகாருக்குள்ள வழி தெரியாம வந்திட்டன் எண்டு பொலிசுக்கு விளங்கப்படுத்திக்கொண்டு நிண்டா கடைசி ரயிலும் போயிடும்.

உங்கட லீடர் அந்த இடத்தில என்ன செய்தவ?

---

நடைப்பித்தன் | திங்கள் மாலை 6:45

அந்த இரும்பு கேட்டில் எல்லாரையும் நிறுத்தி, எண்ணி, ஒற்றை வரிசையில் அந்தப் பக்கத்து கேட் வரை கூட்டிக்கொண்டு போனார். அங்கே மறுபடி எண்ணினார். ஸ்கூல் எக்ஸ்கர்ஷன் வசனம் அங்கேதான் வந்தது.

---

செல்லம்மா_ரீடிங் | திங்கள் மாலை 7:10

எண்ணுவதைப் பற்றிப் பேசுகிறோம், அந்தப் பாதையில் அடுத்து வருவது எந்த இடம்? காட்ஸ்டன். அங்கே தி ப்ளவ் என்ற பப். டேவிட் கேமரன் பிரதமராக இருந்தபோது குடும்பத்தோடு அங்கே சாப்பிடப் போய், இரண்டு காரில் கிளம்பி, எட்டு வயது மகள் இன்னொரு காரில் இருக்கிறாள் என்று அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் நினைத்துக்கொண்டு, பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். 2012-இல் அந்தச் செய்திதான் எல்லாப் பேப்பரிலும். பனியும் இல்லை, காடும் இல்லை, கூடவே பாதுகாப்புப் படை வேறு. தலை எண்ணத்தான் ஆள் இல்லை.

---

வல்லிபுரத்தான் | திங்கள் மாலை 7:18

😂 அக்கா, இதை நான் இனி ஒவ்வொரு நடையிலயும் சொல்லப்போறன்.

---

பைட்_பாண்டி | திங்கள் மாலை 7:30

சரி, எண்ணுவதை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன், நடைப்பித்தன். நடுவில் சந்து ரோட்டில் நடந்திருப்பீர்களே, எந்தப் பக்கம் நடந்தீர்கள்?

---

நடைப்பித்தன் | திங்கள் மாலை 7:36

கொஞ்ச தூரம்தான். இடது பக்கம். எனக்கே ஆச்சரியம், எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது பக்கம்தானே நடக்க வேண்டும்? முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பளிச்சென்ற மேலங்கியில்.

---

பைட்_பாண்டி | திங்கள் மாலை 7:44

பார்த்தீர்களா! பிரிட்டன் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடில் இரண்டாம் விதி: நடைபாதை இல்லாத ரோட்டில் வலது பக்கம். உங்கள் அம்மாவுக்கு அடிப்படையே தெரியவில்லை.

---

வல்லிபுரத்தான் | திங்கள் மாலை 8:30

ஐஞ்சாம் விதியையும் வாசியுங்கோ தம்பி. ஏற்பாடு செய்த பெரிய குழு, நடைபாதை இல்லாட்டி, இடது பக்கம். முன்னாலயும் பின்னாலயும் காவலுக்கு ஆள், பகலில பளிச்செண்ட உடுப்பு, இருட்டில லைட். அவ செய்தது எழுத்துக்கு எழுத்து அதுதான்.

ஆனா எத்தனை பேர் சேர்ந்தா "பெரிய குழு" எண்டு விதி சொல்லேல்லை. பத்துப் பேரோட நான் போனா வலது பக்கம், ஒற்றை வரிசை. முப்பது பேர் எண்டா இடது. புகாருக்குள்ள வளைவான சந்து றோட்டில ரெண்டுமே எனக்கு விருப்பமில்லை. கொஞ்சம் சுத்தினாலும் வயல் பாதையால போயிடுவன்.

---

மட்டுறுத்துநர் | திங்கள் மாலை 8:41

லீடரைத் தனிப்பட்ட முறையில் குறைசொல்லும் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விஷயத்தைப் பேசுங்கள்.

---

வானிலைவாசி | திங்கள் இரவு 9:20

ரத்து செய்திருக்க வேண்டுமா என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. வல்லிபுரத்தான், நீங்கள் எப்போது ரத்து செய்வீர்கள்?

---

வல்லிபுரத்தான் | திங்கள் இரவு 10:05

இடத்தைப் பொறுத்தது. சில்டர்ன்ல புகார் எண்டு நான் ரத்து செய்ய மாட்டன். தூரத்தைக் குறைப்பன். பாதை கண்ணுக்குத் தெரியாட்டியும் கையால பிடிச்சுக்கொண்டு போற மாதிரி ஒண்டு பக்கத்தில ஓட வேணும்: வேலி, காட்டு விளிம்பு, சுவர். தாண்டிப் போயிட்டா "நில்" எண்டு சொல்ல முன்னுக்கு ஒரு றோட்டோ ஆறோ இருக்க வேணும். இது ரெண்டும் சில்டர்ன்ல தாராளம்.

பீக் டிஸ்ட்ரிக்ட் கிண்டர் ஸ்கவுட் எண்டா, பழகினவையும் புதுசா வாறவையும் கலந்த குழுவோட, புகாருக்குள்ள ஏற மாட்டன். 1932-இல ஆக்கள் அத்துமீறி ஏறி, ஐஞ்சு பேர் சிறைக்குப் போய், நடக்கிற உரிமைக்குச் சண்டை பிடிச்ச மலை. 636 மீட்டர்தான். ஆனா மேல தட்டையான கரிச்சேறு, அதுக்குள்ள ஆள் மறையிற ஆழத்துக்குக் குறுக்கும் மறுக்குமா வாய்க்கால். ஒண்டுக்குள்ள இறங்கி ஏறினா எந்தத் திசையில நிண்டனாங்கள் எண்டே மறந்துபோகும். பிடிச்சுக்கொண்டு போக வேலியும் இல்லை. அங்க ஈடேல் பள்ளத்தோட ஒரு சுத்து சுத்திப்போட்டு, தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திடுவன்.

இன்னொண்டு வெளிச்சம். மணிக்கூட்டை ஒக்ரோபர் கடைசி ஞாயிறு பின்னுக்குத் தள்ளிப்போட்டா, நவம்பர் நடுவில நாலு மணி தாண்டினாலே சூரியன் போயிடும். காட்டுக்குள்ள, புகாரோட, மூண்டரைக்கே இருட்டு. அஞ்சு மணித்தியால நடை எண்டா பத்து மணிக்கு வெளிக்கிட வேணும், எல்லாற்ற பையிலயும் தலை லைட் இருக்க வேணும். விசில் அடிக்கிற முறையும் தெரிஞ்சிருக்க வேணும். ஆபத்தெண்டா ஒரு நிமிசத்தில ஆறு தரம், ஒரு நிமிசம் பொறுத்துத் திரும்ப ஆறு. பதில் மூண்டு.

---

கொடைக்குளிர் | செவ்வாய் காலை 6:50

இதையெல்லாம் படித்த பிறகு எங்கள் ஊருக்கு வரும் டிரெக்கிங் குழுக்களை நினைத்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. முன்னால் கைடு, பின்னால் யாரும் இல்லை. கடைசியாக வருகிறவர் எப்போதும் செல்பி எடுப்பவர். முதுகுப்பை யோசனையை இங்குள்ள பையன்களிடம் சொல்கிறேன்.

---

பைட்_பாண்டி | செவ்வாய் காலை 9:10

வேகமாக நடக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நானும் அந்த ரகம். குழுவின் வேகத்துக்கு நடந்தால் குளிர் ஏறிவிடுகிறது. ஒவ்வொரு கேட்டிலும் ஐந்து நிமிடம் நின்றால் வேர்வை ஆறி நடுங்குகிறது. இதற்கு என்ன வழி?

---

செல்லம்மா_ரீடிங் | செவ்வாய் காலை 9:45

அவர்களைத்தான் பேக் மார்க்கர் ஆக்க வேண்டும். எங்கள் குழுவில் அப்படித்தான். பின்னால் நடந்து பார்த்தால்தான் மெதுவாக நடப்பவர் எதற்குத் திணறுகிறார் என்று தெரியும். ஏற்றமா, ஈரச் சுண்ணாம்புச் சரிவா, முழங்காலா. தவிர, நிற்கும் முன்பே மேல்கோட்டை எடுத்து மாட்டு, குளிர்ந்த பிறகு இல்லை. பிளாஸ்கில் சுக்குக் காபி கொண்டுபோனால் ஐந்து நிமிடம் போதாது என்பாய்.

---

நடைப்பித்தன் | செவ்வாய் மதியம் 1:05

எல்லாருக்கும் நன்றி. இழையை லீடர் அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லப் போகிறேன், கேமரன் கதையைக் கட்டாயம். அடுத்த தடவை விதிகளோடு காரணத்தையும் சொல்லுங்கள் என்று கேட்பேன்.

கடைசியாக ஒன்று. டிசம்பரில் இதே பாதையில் நண்பர்களைக் கூட்டிப்போக ஆசை. ஒருவர் காரில் வருகிறேன் என்கிறார். வெண்டோவரில் விட்டுவிட்டு நடந்துபோய், ரிஸ்பரோவிலிருந்து ரயிலில் திரும்பி எடுத்துக்கொள்ளலாமா?

---

வல்லிபுரத்தான் | செவ்வாய் மதியம் 1:30

வேண்டாம். ரெண்டு ஸ்டேசனும் லண்டன் மேரிலபோன் ஸ்டேசனிலயிருந்து வாற ரெண்டு வேற லைன். வெண்டோவர் அமர்ஷாம் பக்கத்தால வாறது, ரிஸ்பரோ ஹை விக்கம் பக்கத்தால. கிட்ட கிட்ட இருக்கிற மாதிரித்தான் மேப்பில தெரியும், ஞாயிற்றுக்கிழமை சுத்தி வந்து கார் எடுக்கிறதுக்குள்ள இருட்டிடும். எல்லாரும் ரயில்ல வாங்கோ. கார்தான் எண்டா கூம்ப் குன்று ஏறி, செக்கர்ஸ் றோட்டுக்கு இஞ்சாலயே திரும்பி, வெண்டோவருக்கே வந்து முடியிற வட்டப்பாதையைப் பிடியுங்கோ. திகதியைச் சொன்னா நானும் வாறன், பின்னால நடக்கிறன்.

---

பைட்_பாண்டி | செவ்வாய் மதியம் 1:34

பின்னால் நான். நீங்கள் முன்னால் மேப்போடு போங்கள் ஐயா.